கைக்குட்டை வருவதற்கு முன்பே

கேள்வி: ஐயா, வணக்கம். நான் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர் நாடகக் குழு ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வைத் தமிழில் மேடையேற்ற இருக்கிறது. மொழிபெயர்த்ததும் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியதும் நான்தான். பிற துறை மாணவர்களை அழைத்து ஓர் ஒத்திகையை நடத்திக் காட்டினோம். முதல் இரண்டு அங்கங்களை அமைதியாகப் பார்த்தார்கள். மூன்றாம் அங்கத்தில் கைக்குட்டைப் பேச்சு வந்ததும் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. ‘இவ்வளவு பெரிய தளபதி ஒரு கைக்குட்டைக்காக மனைவியைக் கொல்வானா? அவளிடமே நேராகக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்குமே’ என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஒத்தெல்லோவாக நடிக்கும் பையன் மனமுடைந்து போயிருக்கிறான். உண்மையிலேயே ஒத்தெல்லோ ஒரு முட்டாள்தானா? மனைவி மீது அவனுக்குச் சந்தேகத்தை மூட்டும் கீழதிகாரி இயாகோவுக்கு இத்தனை வஞ்சம் எதற்கு? அவனைச் சகுனி மாதிரி நடிக்கச் சொல்லியிருக்கிறேன், சரியா? ஒத்தெல்லோவுக்கு முகத்தில் கருப்புச் சாயம் பூசலாமா? ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் பாட்டையும் இயாகோவின் மனைவி எமிலியாவின் நீண்ட பேச்சையும் வெட்டிவிடலாமா? இடைவேளையை எங்கே விடுவது? வசனப் பிரதியையும் ஒத்திகைக் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். மாணவர்கள் சிரித்ததற்காக நீங்களும் அந்தப் பையனும் வருந்த வேண்டாம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் ஒருவர் இதைவிடப் பலமாகச் சிரித்திருக்கிறார். தாமஸ் ரைமர் என்ற விமர்சகர் 1693-இல், இந்த நாடகத்துக்குக் கைக்குட்டையின் பெயரையே வைத்திருக்கலாமே என்று கேலி செய்தார். நல்ல மனைவிமார் தங்கள் துணிமணிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதுதான் இந்தக் கதையின் நீதி என்றும் எழுதினார். ரைமரின் நாடகத்தை இன்று யாரும் போடுவதில்லை, ஒத்தெல்லோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் ஒதுக்க மாட்டேன். மேடையில் வேண்டாத இடத்தில் சிரிப்பு எழுந்தால், கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காது. சற்று முன்னால் எங்கேயோ இருக்கும். உங்கள் பிரதியைப் பார்த்ததும் அது எங்கே என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில்தான் நீங்கள் அதிகமாகக் கத்தரி வைத்திருக்கிறீர்கள். நாடகம் முழுவதும் அந்த ஒரு காட்சியின் தோளில்தான் நிற்கிறது. அங்கே வெட்டினால் கைக்குட்டை தனியாக அந்தரத்தில் தொங்கும். தொங்குவதைப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஒரு சிறு பொருளுக்காகக் கொலையா என்று கேட்கும் அதே மாணவர்கள், கோவலன் கொலைப்பட்டதைப் படித்துச் சிரிப்பதில்லையே, ஏன்? அங்கேயும் ஒரு சிலம்புதான் சாட்சி. களவாடிய பொற்கொல்லனே வந்து கோவலனைக் காட்டிக் கொடுக்கிறான். பாண்டியன் விசாரிக்கவில்லை, ஆளை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவருக என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். இளங்கோ அந்த இடத்துக்கு முன்பே அரசனின் மனத்தைக் கலக்கி வைத்திருக்கிறார். ஆடல் மகளிரிடம் அவன் மனம் போயிற்று என்று தேவி ஊடிப் போயிருக்கிறாள். அவளைத் தணிக்க அவன் விரைந்துகொண்டிருக்கும் வாசலில்தான் பொற்கொல்லன் வந்து நிற்கிறான். அரசனின் மனம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது, சிலம்பு பிறகு வருகிறது. ஷேக்ஸ்பியரும் இதே வரிசையைத்தான் கையாள்கிறார். நீங்கள் அந்த முன்பகுதியை எடுத்துவிட்டீர்கள்.

அந்தக் காட்சியை மூலத்தோடு வைத்துப் பாருங்கள். துணைத்தளபதி பதவியை இழந்த காசியோ, டெஸ்டிமோனாவிடம் சிபாரிசு கேட்டு வந்திருக்கிறான். ஒத்தெல்லோ வருவதைக் கண்டதும் கூச்சத்தில் நழுவுகிறான். இயாகோ, ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல ஒரு வரியை விடுகிறான். என்ன சொன்னாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். சற்று நேரம் கழித்து, நீங்கள் காதலித்த காலத்தில் காசியோவுக்கு அது தெரியுமா என்று போகிற போக்கில் கேட்கிறான். தெரியும், எங்களுக்கிடையே தூது போனவனே அவன்தான் என்கிறான் ஒத்தெல்லோ. ‘அப்படியா!’ என்கிறான் இயாகோ. ஏன் அப்படியா என்கிறாய், அவன் நேர்மையானவன் இல்லையா? ‘நேர்மையானவனா, தளபதி?’ ஆமாம், நேர்மையானவன். ‘எனக்குத் தெரிந்தவரை, தளபதி.’ நீ என்ன நினைக்கிறாய்? ‘நினைக்கிறேனா, தளபதி?’ என் சொல்லையே எனக்கு எதிரொலிக்கிறானே, வெளியே காட்டக்கூடாத ஏதோ பூதத்தை மனத்தில் ஒளித்து வைத்திருக்கிறானா என்று ஒத்தெல்லோ பதறுகிறான்.

இதுவரை இயாகோ யார் மீதும் ஒரு குற்றமும் சொல்லவில்லை. வலிய வந்து கோள் சொல்பவனிடம் ‘உனக்கு இதில் என்ன ஆதாயம்?’ என்று கேட்க நமக்குத் தோன்றும். நாமே கெஞ்சி, மிரட்டிப் பிடுங்கிய செய்தியிடம் அப்படிக் கேட்கத் தோன்றாது. ஒத்தெல்லோ கெஞ்சுகிறான், மிரட்டுகிறான். இயாகோ சொல்ல மறுக்கிறான். தன் எண்ணம் தவறாகவும் இருக்கலாம் என்கிறான். அவனவன் நல்ல பெயரே அவனவனுக்குச் செல்வம் என்று நீதி பேசுகிறான். கடைசியில், ‘பொறாமையிடம் எச்சரிக்கையாக இருங்கள்’ என்கிறான். அதுவரை அங்கே பொறாமை என்ற பேச்சே எழவில்லை. எச்சரிக்கை என்ற பெயரில் அதை நடுவில் கொண்டுவந்து வைத்தவன் இயாகோ.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? பொறாமையைப் ‘பச்சைக் கண் பூதம்’ என்று சொல்லும் பேச்சு புகழ்பெற்றது என்பதற்காக அதை முழுதாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் ஓரிரு சொல் பேச்சுகளை வளவள என்று நினைத்து நீக்கிவிட்டீர்கள். அப்படியே மாற்றிப் போடுங்கள். புகழ்பெற்ற வரிகள் பாதியாகக் குறைந்தாலும் பாதகமில்லை. அந்த ‘அப்படியா’வும் ‘நினைக்கிறேனா’வும் ஒன்றுகூட விடாமல் வர வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொன்றுக்கும் பிறகு இயாகோ பேச்சை மாற்ற முயலட்டும், ஒத்தெல்லோ அவனைத் திரும்ப இழுக்கட்டும். மேடையில் நகர்வும் அப்படியே இருக்கலாம்: விலகிப் போகிறவன் இயாகோ, பின்னால் வருகிறவன் தளபதி. அப்படி வைத்தால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது பார்ப்பவர்களுக்கு விளக்காமலே தெரியும்.

முதல் அங்கத்தில் நீங்கள் வெட்டிய ஒரு வரியும் திரும்ப வர வேண்டும். பெற்றவனுக்குத் தெரியாமல் திருமணம் செய்துகொண்ட டெஸ்டிமோனா, வெனிஸின் ஆட்சி மன்றத்தின் முன் கணவன் பக்கம் நிற்கிறாள். தோற்றுப்போன தந்தை பிரபான்சியோ போகும்போது ஒத்தெல்லோவிடம் சொல்கிறான்: கண் இருந்தால் இவளைக் கவனித்துக்கொள், தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம். அவள் உண்மைக்கு என் உயிரே பணயம் என்று ஒத்தெல்லோ பதில் சொல்கிறான். பக்கத்தில் இயாகோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்றாம் அங்கத்தில் அவன் அதையே எடுத்து நீட்டுகிறான்: உங்களை மணக்க அவள் தந்தையை ஏமாற்றியவள்தானே. இதில் பொய் எங்கே இருக்கிறது? உண்மைதான். ஒத்தெல்லோவும் ‘ஆமாம்’ என்கிறான். முதல் அங்கத்தின் வரி இல்லாவிட்டால் இந்த ‘ஆமாம்’ வெறும் தலையாட்டல். இருந்தால், அரங்கமே ஒரு கணம் பிரபான்சியோவை நினைக்கும்.

அடுத்தது, என் கணக்கில் நாடகத்திலேயே பயங்கரமான இடம். டெஸ்டிமோனா நேர்மையானவள் என்றே நினைக்கிறேன் என்று சொல்லும் ஒத்தெல்லோ, யாரும் தூண்டாமலே, ‘இருந்தாலும், இயற்கை தன்னிலிருந்தே வழிதவறி...’ என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்துகிறான். இயாகோ உடனே, ‘ஆமாம், அதுதான் விஷயம்’ என்று பிடித்துக்கொள்கிறான். தன் ஊரையும் நிறத்தையும் தகுதியையும் சேர்ந்த இத்தனை வரன்களை விட்டுவிட்டு அவள் இவனைத் தேர்ந்தது இயல்பா என்று மேலே பேசுகிறான். அதற்கு முன்பு, எங்கள் வெனிஸ் பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் கடவுளுக்குக் காட்டுவதைக் கணவனுக்குக் காட்ட மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறான். ஒத்தெல்லோவால் அதை மறுக்க முடியாது. அவன் அந்த ஊர்க்காரன் அல்லன். போர்க்களத்தில் கழிந்த வாழ்க்கை. வெனிஸுக்குச் சம்பளத்துக்குப் போர் செய்ய வந்தவன். அந்த ஊர் வீடுகளுக்குள் என்ன நடக்கும் என்று அந்த ஊரில் பிறந்தவன் சொன்னால் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி?

பிறகு இயாகோ போய்விடுகிறான். தனியாக நிற்கும் ஒத்தெல்லோ பேசுகிறான்: ஒருவேளை நான் கருப்பன் என்பதால், அரண்மனைக்காரர்களின் நயமான பேச்சு எனக்கு வராது என்பதால், அல்லது வயது சரிந்துவிட்டதால் (அப்படி ஒன்றும் பெரிதாகச் சரிந்துவிடவில்லை என்று தானே ஒட்டுப்போட்டுக்கொள்கிறான்), அவள் போய்விட்டாள். கவனியுங்கள்: மேடையில் இயாகோ இல்லை. இயாகோவின் வேலையை ஒத்தெல்லோவே செய்துகொண்டிருக்கிறான். அவனுக்குள் முன்பே கிடந்த கூச்சங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். உங்கள் நடிகர் இந்தப் பேச்சைக் கத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கத்த வேண்டாம். வரவு செலவைப் பார்க்கிறவனைப்போல நிதானமாகச் சொல்லட்டும். இங்கே அவன் மனம் முடிவுக்கு வந்துவிடுகிறது. கைக்குட்டை இன்னும் டெஸ்டிமோனாவின் கையில்தான் இருக்கிறது!

அது விழுவதும் இதற்கு அடுத்த நிமிடத்தில்தான். தலை வலிக்கிறது என்கிறான், அவள் முன்பு அவன் தந்த அந்தக் கைக்குட்டையால் கட்டிவிட வருகிறாள், சிறியது என்று அவனே தள்ளிவிடுகிறான், கீழே விழுகிறது, இருவரும் பார்க்கவில்லை. அவள் அன்போடு நீட்டியதை அவனே தட்டிவிட்டு, அதையே பிறகு சாட்சியாகக் கேட்கிறான். உங்கள் தயாரிப்பில் இது டெஸ்டிமோனாவின் இடுப்பிலிருந்து நழுவி விழுவதாக வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள்.

ஒத்தெல்லோ திரும்பி வந்து இயாகோவின் கழுத்தைப் பிடித்துக் கண்ணால் காணும் சாட்சி கேட்கும்போதும் இயாகோவின் முதல் பதில் கைக்குட்டை அல்ல. எதைக் காண விரும்புகிறீர்கள், இருவரும் சேர்ந்திருப்பதையா என்று கேட்டு, இவன் மனத்திலேயே அந்தக் காட்சியை வரைய வைக்கிறான். அடுத்து, காசியோ தூக்கத்தில் உளறினான் என்று ஒரு கனவுக் கதை. எந்த நீதிமன்றமும் சோதிக்க முடியாத சாட்சி. வெறும் கனவுதானே என்று இயாகோவே சொல்கிறான். அதை உறுதியான சாட்சி ஆக்குகிறவன் ஒத்தெல்லோ. அதற்கும் பிறகுதான், காசியோ அந்தக் கைக்குட்டையால் தாடியைத் துடைத்ததைப் பார்த்தேன் என்ற வரி. முன்னால் நடந்தது எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், இந்த இடத்தில் உங்கள் மாணவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

‘நேராகக் கேட்டிருக்கலாமே’ என்கிறார்கள். கேட்கிறானே! அடுத்த காட்சியிலேயே கேட்கிறான். ஆனால் கேட்பது கைக்குட்டையை. எகிப்தியப் பெண் ஒருத்தி என் தாய்க்குக் கொடுத்தது, நெய்ததிலேயே மந்திரம் இருக்கிறது, தொலைந்தால் கணவனின் அன்பு போய்விடும் என்று ஒரு கதை சொல்கிறான். பயந்துபோன பெண், தொலையவில்லை என்று பொய் சொல்கிறாள். நாடகத்தில் அவள் வாயிலிருந்து வரும் முதல் பொய். பேச்சை மாற்ற அவளுக்குத் தோன்றும் விஷயம், கெடுகாலம், காசியோவின் சிபாரிசு. அவன் ‘கைக்குட்டை’ என்கிறான், அவள் ‘காசியோ’ என்கிறாள், மறுபடியும் ‘கைக்குட்டை’. நான்காம் அங்கத்தில் எமிலியாவையும் விசாரிக்கிறான், மனைவியையும் நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறான். இருவரும் மறுக்கிறார்கள். அப்போது மறுப்பே அவனுக்குச் சாட்சியாகப் படுகிறது. ஐந்தாம் அங்கத்தில் அதே கைக்குட்டையை, என் தந்தை என் தாய்க்குக் கொடுத்தது என்கிறான். அப்படியானால் எகிப்தியப் பெண்? அறிஞர்கள் இதற்குப் பல சமாதானங்கள் சொல்வார்கள். அந்தக் கதை அவளை மிரட்டப் புனைந்தது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அந்த வேளையில் ஒத்தெல்லோ இயாகோவின் கலையைக் கற்றுக்கொண்டுவிட்டான். இந்த எண்ணத்தோடு நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம்.

காலக்கணக்கைப் பற்றி ஒரு மாணவி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரப் பெண். வெனிஸிலிருந்து சைப்ரஸ் தீவுக்கு மூன்று கப்பல்களில் வருகிறார்கள்: காசியோ ஒன்றில், டெஸ்டிமோனா இயாகோவின் துணையில் இன்னொன்றில், ஒத்தெல்லோ வேறொன்றில். இறங்கிய இரவே காசியோ குடித்துப் பதவி இழக்கிறான். மறுநாள் காலை சிபாரிசு, அன்றே சந்தேகம். காட்சிகளை ஒட்டிப் பார்த்தால் அடுத்த இரவுக்குள் கொலை. கள்ளத்தொடர்புக்கு நேரமே கிடையாது. அதே நாடகத்தில் காசியோவின் காதலி பியான்கா, காசியோ ஒரு வாரமாக வரவில்லை என்கிறாள். இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இதை எழுதி எழுதித் தீர்த்திருக்கிறார்கள். மேடையில் இதற்கு மருந்து வேகம்தான். அவனுக்கு யோசிக்க ஓர் இரவு கிடைத்திருந்தால் இயாகோவின் வேலை குலைந்திருக்கும். பார்ப்பவர்களுக்கும் அந்த ஓர் இரவைக் கொடுக்காதீர்கள்.

இனி இயாகோ. சகுனி வேண்டாம். சகுனி வஞ்சகன் என்று பாண்டவர்களுக்கும் தெரியும், விதுரருக்கும் தெரியும். டெஸ்டிமோனாவை விரும்பி இயாகோவுக்குப் பணம் கொடுக்கும் ரொடெரிகோவைத் தவிர, அவனை நல்லவன் என்று நம்பாதவர் நாடகத்தில் இல்லை. தளபதி, காசியோ, டெஸ்டிமோனா, எல்லாருமே தங்கள் துன்பத்தை அவனிடம்தான் கொண்டுபோகிறார்கள். அத்தனை பேரும் ஏமாறும்போது ஒத்தெல்லோ மட்டும் எப்படி முட்டாள் ஆவான்? உங்கள் இயாகோ ஓரக்கண்ணால் பார்த்து, கையைப் பிசைந்து, குரலை இழுத்துப் பேசினால், அவனை நம்புகிற அனைவரும் முட்டாள்களாகத் தெரிவார்கள். சிரிப்புக்குப் பாதிக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். கூட்டத்தில் இருக்கும்போது அவன் படையில் எல்லாருக்கும் உதவுகிற, கொஞ்சம் கரடுமுரடான, கிண்டல் பேசுகிற தோழனாக இருக்கட்டும். வயதும் கவனிக்க வேண்டியது: உலகத்தை நான்கு ஏழு ஆண்டுகள் பார்த்துவிட்டேன் என்று அவனே சொல்கிறான். இருபத்தெட்டு! கிழட்டு வில்லனுக்கான ஒட்டுத் தாடியை எடுத்துவிடுங்கள்.

தனிமொழிகளில் அவன் பார்வையாளர்களோடு நட்பாகப் பேசலாம். அங்கே சிரிப்பு வந்தால் வரட்டும். அது நல்ல சிரிப்பு. காசியோவுக்கு நான் கொடுத்த யோசனை நல்ல யோசனைதானே, என்னை எப்படி வில்லன் என்பீர்கள் என்று அவன் கேட்கும்போது அரங்கம் சிரித்தால், அவர்களும் அவன் வலையில் ஒரு கால் வைத்துவிட்டார்கள் என்று பொருள். உண்மையிலேயே அது நல்ல யோசனை. டெஸ்டிமோனாவின் நல்ல குணத்தைக் கொண்டே வலை பின்னுவேன் என்று அவன் சொல்வது அதைத்தான்.

காரணம் கேட்டீர்கள். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த இடம் ஜிரால்டி சிந்தியோ என்ற இத்தாலியரின் கதைத் தொகுப்பு, 1565-இல் வந்தது. அதில் காரணம் எளிது: இயாகோவின் இடத்தில் வரும் கொடி தாங்கும் அதிகாரிக்குத் தளபதியின் மனைவி மீது ஆசை, அவள் கண்டுகொள்ளவில்லை, ஆசை வெறுப்பாக மாறுகிறது. ஷேக்ஸ்பியர் இந்தத் தெளிவான காரணத்தைக் கரைத்துவிட்டு, பல காரணங்களைத் தூவினார். பதவி உயர்வு காசியோவுக்குப் போய்விட்டது என்கிறான். தளபதிக்கும் என் மனைவிக்கும் தொடர்பு என்று ஊரில் பேச்சு என்கிறான். காசியோ மீதும் அதே சந்தேகம். டெஸ்டிமோனா மீது எனக்கும் ஆசை உண்டு என்கிறான். இப்படி மாற்றி மாற்றிச் சொல்வதைப் பார்த்து, காரணமற்ற தீமை தனக்கொரு காரணத்தைத் தேடித் திரிகிறது என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் எழுதினார். எழுத்தில் அழகான கருத்து. நடிகருக்கு ஒரு காசுக்கும் உதவாது. காரணமில்லாமையை எப்படி நடிப்பது?

ஆகவே உங்கள் மாணவருக்கு ஒன்றைக் கொடுங்கள். மனைவியைப் பற்றிய வதந்தியைச் சொன்ன அடுத்த மூச்சில் இயாகோ, அது உண்மையா என்று தெரியாது, வெறும் சந்தேகத்தையே நிச்சயமாக எடுத்துக்கொண்டு நடப்பேன் என்கிறான். நான்காம் அங்கத்தில் எமிலியா, யாரோ ஒரு பாவிதான் உன் மனத்தைத் திருப்பி என்னையும் தளபதியையும் சேர்த்துச் சந்தேகப்பட வைத்தான் என்று கணவனிடமே சொல்கிறாள். அதாவது, இந்த நாடகத்தில் முதலில் பொறாமை பிடித்தவன் இயாகோ. சாட்சியில்லாத சந்தேகம் ஓர் ஆணை என்ன செய்யும் என்று அவனுக்கு அனுபவத்தில் தெரியும். தான் தூங்காமல் கழித்த இரவுகளை அப்படியே தளபதிக்குக் கொடுக்கிறான். இதைப் பிடித்துக்கொண்டால் நடிகருக்கு நிற்க ஒரு தரை கிடைக்கும். காசியோவைக் கொல்லச் சம்மதித்த கையோடு, ‘அவளை மட்டும் விட்டுவிடுங்கள்’ என்கிறானே, அதையும் வெட்டியிருக்கிறீர்கள். அவளைத் துண்டு துண்டாகக் கிழிப்பேன் என்று ஒத்தெல்லோ கோபத்தில் கத்தியதைத் தவிர, அவளைக் கொல்வது பற்றி அதுவரை பேச்சில்லை. காப்பாற்றுவதுபோலச் சொல்லித்தான் அவன் கொலையை அறைக்குள் அழைத்துவருகிறான்.

இன்னொரு பயிற்சி. 1881-இல் லண்டன் லைசியம் அரங்கில் எட்வின் பூத்தும் ஹென்றி இர்விங்கும் இந்த இரண்டு வேடங்களையும் மாற்றி மாற்றி நடித்தார்கள். நீங்களும் ஓர் ஒத்திகையில் ஒத்தெல்லோவையும் இயாகோவையும் இடம் மாற்றிவிடுங்கள். மனமுடைந்த பையன் இயாகோவின் பக்கத்திலிருந்து ஒருமுறை பேசிப் பார்த்தால், தான் எங்கே வலிந்து போய் மாட்டிக்கொள்கிறோம் என்று அவனுக்கே புரியும்.

கருப்புச் சாயம் வேண்டவே வேண்டாம். முதல் ஒத்தெல்லோவான ரிச்சர்ட் பர்பேஜ் தொடங்கி நெடுங்காலம் வெள்ளை நடிகர்கள்தான் சாயம் பூசி நடித்தார்கள். 1833-இல் கோவென்ட் கார்டன் அரங்கில் எட்மண்ட் கீன் நடித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் சரிந்தார். அடுத்த மாதம் அதே அரங்கில் அந்த வேடத்தை ஏற்றவர் கருப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ். லண்டன் பத்திரிகைகள் சில அவரை மிகக் கேவலமாகத் தாக்கின. அமெரிக்கக் கருப்பின நடிகர் பால் ராப்சன் 1930-இல் லண்டனிலும் 1943-இல் நியூயார்க்கிலும் நடித்த பிறகு அந்த வேடத்தின் பொருளே மாறிவிட்டது. இந்த வரலாறு தெரிந்த பிறகு சாயப் புட்டியை எடுக்க எனக்குக் கை வராது. அதோடு, நம் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரின் நிறத்தை வேற்றாளின் அடையாளமாகக் காட்டுவதில் என்ன பொருள்? அவன் அந்நியன் என்பதை நடையில் காட்டுங்கள். வெனிஸ்காரர்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பேசட்டும், பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொண்டு சிரிக்கட்டும். ஒத்தெல்லோ மட்டும் முழு வாக்கியத்தில், சற்று அதிக மரியாதையோடு பேசட்டும். அப்போது இயாகோவின் முடிக்காத வாக்கியங்கள் அவனை ஏன் அப்படி வதைக்கின்றன என்பதும் விளங்கும்.

டெஸ்டிமோனா முதல் காட்சியிலிருந்தே அழும் முகத்தோடு இருக்கிறாள் என்று ஒத்திகையைப் பார்த்த உங்கள் சக ஆசிரியர் சொன்னாராம். சரியாகச் சொன்னார். ஆட்சி மன்றத்தில் தந்தையை எதிர்த்துப் பேசியவள் அவள். காசியோவுக்காக அவள் பேசும் விதத்தைப் பாருங்கள்: இன்றிரவு? நாளை மதியம்? நாளை இரவு? செவ்வாய் காலை, செவ்வாய் மதியம், இல்லை இரவு, புதன் காலை? நச்சரிப்பு. விளையாட்டும் உரிமையும் கலந்த நச்சரிப்பு. அந்தக் கலகலப்பு இருந்தால்தான் பிறகு அது கேட்பவனுக்கு வேறு அர்த்தம் கொடுக்கும்.

வெட்டு விஷயம். 1622-இல் வந்த முதல் அச்சுப் பதிப்பில் டெஸ்டிமோனாவின் பாட்டும் இல்லை, கணவர்களின் குற்றத்தைப் பற்றி எமிலியா பேசுவதும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே வெட்டுவதற்கு உங்களுக்குப் பழைய முன்னுதாரணம் உண்டு. பாடத் தெரியாத பெண்ணாக இருந்தால் பாட்டை எடுத்துவிடுங்கள். எமிலியாவின் பேச்சைத் தொடாதீர்கள். கைக்குட்டையை எடுத்துக் கணவனிடம் கொடுத்தவள் அவள். எங்கே தொலைத்தேனோ என்று டெஸ்டிமோனா கேட்டபோது, தெரியாது என்று வாய் கூசாமல் சொன்னவளும் அவள்தான். ஐந்தாம் அங்கத்தில், உன் கணவன்தான் சொன்னான் என்று ஒத்தெல்லோ சொல்லும்போது அவள் ‘என் கணவனா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். மூன்றாம் அங்கத்தில் கணவன் செய்த அதே எதிரொலிதான். அங்கே பொய்யை உண்டாக்கியது, இங்கே உண்மையை வெளியே இழுக்கிறது. அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். நேரம் போதாவிட்டால் ரொடெரிகோவின் புலம்பல்களைக் குறையுங்கள். அவனுக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

இடைவேளையை மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி முடிந்ததும், ஒத்தெல்லோவும் இயாகோவும் மண்டியிட்டுச் சபதம் செய்யும் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். திரை போட அருமையான இடம், பலரும் அங்கேதான் விடுகிறார்கள். உங்களுக்கு அது ஆகாது. தேநீர் குடிக்கப் போகிற மாணவர்கள் அந்தப் பதினைந்து நிமிடத்தில் கூடி நின்று, ‘என்னடா, இவ்வளவு சீக்கிரம் நம்பிவிட்டானே’ என்று பேசத் தொடங்குவார்கள். திரும்பி வரும்போது சிரிப்பைக் கையோடு கொண்டுவருவார்கள். இரண்டாம் அங்கத்தின் முடிவில், காசியோ பதவி இழந்து இயாகோ தன் திட்டத்தைச் சொல்லி முடித்ததும் விடுங்கள். அதன் பிறகு கொலைவரைக்கும் ஒரே ஓட்டம். முதல் பாதி சற்றே குறுகியும் இரண்டாம் பாதி நீண்டும் போகும். விழாக்குழுவினர் ஆட்சேபித்தால், வரவேற்புரையை முதல் பாதிக்கு முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.